வலிக்குச் சொல் உண்டா?

தஞ்சைத் தரணியில் அளவு இல்லாத பொருள் இல்லை. நெல்லுக்குப் படி உண்டு, மரக்கால் உண்டு, பன்னிரண்டு மரக்கால் கொண்ட கலம் உண்டு. நிலத்துக்குக் குழி உண்டு. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்ற வாய்பாடு உண்டு. ஆற்று நீருக்கும் அளவு உண்டு; கல்லணையிலும் கீழணையிலும் இத்தனை கன அடி என்று நாள்தோறும் ஏட்டில் எழுதுகிறார்கள். திருப்பனந்தாள் கடைத்தெருவில் எவரை நிறுத்திக் கேட்டாலும், சென்ற போகத்தில் மாவுக்கு எத்தனை மூட்டை கண்டது என்று விரல் மடக்காமல் விடை சொல்வார். அந்த வயலில் நாற்று நட்டவள் அதே ஆண்டில் ஒரு பிள்ளையையும் பெற்றாள். அந்த இரவில் அவள் பட்ட நோவு எவ்வளவு? அளந்தவர் இல்லை. அளக்க வேண்டியதோர் பொருள் என்று எண்ணியவரும் இல்லை.

"பேற்று நோவை அளப்பதாவது! அது என்ன, தராசில் ஏற்றும் சரக்கா?" என்று நகைப்போர் இருப்பர். அளக்க முனைந்திருக்கிறார்கள் என்பதே நமது விடை. கனடா நாட்டின் டொரண்டோ நகரில் பமீலா ஏங்கிள் என்ற மயக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதற்கென்றே ஒரு வினாத்தாள் ஆக்கினர். 22 வினாக்கள், ஐந்து கூறுகள். வலியின் பெருக்கம் ஒன்று. அச்சமும் கலக்கமும் ஒன்று. கருப்பை இறுகும்போது எழும் வலி ஒன்று. பிள்ளை வெளிவரும்போது எழும் வலி ஒன்று. முதுகிலும் இடுப்பிலும் நெடுநேரம் நின்று வாட்டும் வலி ஒன்று. மதிப்பெண் போடுவது மருத்துவர் அல்லர், வலிப்பவளே போடுகிறாள். இத்தகைய வினாத்தாளைப் பாரசீக மொழி பேசும் பெண்களுக்கு ஏற்றதாக மாற்றியமைக்கும் பணியும் நடந்திருக்கிறது.

மாற்றியமைப்பது என்றால் அகராதியைப் புரட்டுவது என்று கொள்ளலாகாது. இருவர் தனித்தனியே பெயர்ப்பர். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்குவர். மூலத்தைக் கண்ணாலும் காணாத வேறொருவரிடம் அதைக் கொடுத்து, மீண்டும் மூலமொழிக்கே திருப்பச் சொல்வர். போன பொருள் திரும்பி வந்ததா, வழியில் வேறு பொருளாயிற்றா என்று பார்ப்பர். பின்னர் மருத்துவரும் பேறு பார்க்கும் செவிலியரும் கூடி ஒவ்வொரு வினாவும் தேவைதானா என்று முடிவு செய்வர். அதற்கு 1975-இல் லாஷே என்பவர் வகுத்த கணக்கு இருக்கிறது. வினாக்கள் ஒன்றோடொன்று இசைந்து நிற்கின்றனவா என்று பார்க்க 1951-இல் குரோன்பாக் தந்த கணக்கு இருக்கிறது. இவற்றுக்கு நடுவே நடப்பதுதான் நம் நெஞ்சைத் தொடுவது: பிள்ளை பெற்ற பெண்கள் சிலரை அழைத்து உட்கார வைத்து, "இந்தச் சொல் உங்களுக்கு விளங்குகிறதா? உங்கள் வலியை இது சொல்கிறதா?" என்று கேட்பர். அவள் 'இல்லை' என்றால் சொல் மாறும். பட்டம் பெற்ற பத்துப் பேர் தலையசைத்த சொல்லை, பிள்ளை பெற்ற ஒருத்தி தள்ளிவிடலாம்.

பாரசீகத்துக்கும் காவிரிக் கரைக்கும் என்ன ஒட்டு என்று வியக்க வேண்டா. அந்த மொழி நம் வீட்டு வாயிலுக்கு வந்து நெடுங்காலம் ஆகிறது. சர்க்கார் வந்தது, தாசில்தார் வந்தார், ஜமாபந்தி வந்தது, வசூல் வந்தது, மிராசுதார் வந்தார். பேறுகால மருத்துவத்துக்குப் பெயர் பெற்ற தஞ்சை ராசா மிராசுதார் மருத்துவமனையின் பெயரிலேயே அந்த நிலவுடைமைச் சொல் அமர்ந்திருக்கிறது. ஆனால் வலியைக் குறிக்கப் பாரசீகர் வழங்கும் 'தர்த்' என்ற சொல் இந்தியிலும் உருதுவிலும் குடியேறிய பிறகும் காவிரியைத் தாண்டவில்லை. ஆள்வதற்கும் தண்டுவதற்கும் வேண்டிய சொற்கள் குதிரை ஏறி வந்தன. நோவின் சொல்லைச் சுமந்துவர எந்தக் குதிரையும் கிடைக்கவில்லை போலும்!

திருப்பனந்தாள் காசி மடத்தின் மூலவரான குமரகுருபரரைப் பற்றி ஒரு கதை சொல்வர். 17-ஆம் நூற்றாண்டில் காசிக்குச் சென்றவர், அங்கு ஆள்வோரின் மொழி அறியாது நின்றாராம். கலைமகள்மீது பாமாலை பாடி இந்துத்தானியைப் பெற்றாராம். பாடினால் மொழி வரும் என்பதை நாம் ஏற்கவில்லை. படித்தால் வரும் என்பதே நாம் அறிந்தது. எனினும் கதையின் உள்ளே ஓர் உண்மை இருக்கிறது. ஒருவரிடமிருந்து ஒன்றைப் பெற வேண்டுமானால் அவர் மொழியில் பேசியாக வேண்டும். மடம் அமைக்க இடம் வேண்டிய துறவி, ஆள்வோர் மொழியைத் தேடிக் கொண்டார். பிள்ளை பெறுகிறவளிடம் அவள் நோவைக் கேட்டறிய, அவள் மொழியைத் தேடிச் சென்றவர் யார்?

புலவர்கள் சென்றிருக்கலாமே என்றால், அந்த வாயிலை அவர்களும் தட்டவில்லை. குமரகுருபரர் பிள்ளைத்தமிழ் பாடுவதில் வல்லவர். மதுரை மீனாட்சியம்மைமீது ஒன்று, புள்ளிருக்குவேளூர் முத்துக்குமாரசுவாமிமீது ஒன்று பாடினார். பிள்ளைத்தமிழுக்குப் பருவங்கள் பத்து. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று குழந்தை வளர வளரப் பாட்டும் வளரும். ஆனால் எந்தத் திங்களில் பாட்டுத் தொடங்குகிறது? மூன்றாம் திங்களில் தொடங்குவது மரபு. அதற்கு முன்னே நடந்தவற்றுக்குப் பருவம் இல்லை. விளக்கு எரிந்த இரவும், கதவுக்குப் பின்னே கேட்ட குரலும், வெந்நீரும், வியர்வையும் இலக்கணத்துக்கு வெளியே நிற்கின்றன. வள்ளுவர் ஈன்ற பொழுதை நினைத்தார். அதில் தாய் அடைந்த உவகையை எடுத்து, மகனைச் சான்றோன் எனக் கேட்கும் உவகையோடு ஒப்பிட்டார். புறநானூற்றில் பொன்முடியார் பாட்டில் வரும் மறக்குடித் தாய், பெற்று வளர்ப்பதைத் தன் கடமையாக அறிவிக்கிறாள். உவகை உண்டு, கடமை உண்டு, நோவு எங்கே? புலவரைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. அவர் காலத்தில் ஆண் அந்த அறைக்குள் நுழைவதே இல்லை. ஆனால் அறைக்குள் இருந்தவள் கையில் எழுத்தாணி இல்லை என்பதையும் உடன் நினைக்க வேண்டும்.

சமயத்தின் பெயராலும் இந்த நோவைக் காத்திருக்கிறார்கள். 1847-இல் எடின்பரோ நகரில் ஜேம்ஸ் யங் சிம்சன் என்ற மருத்துவர், பேறு காணும் பெண்களுக்குக் குளோரோபாம் கொடுக்கலானார். உடனே எழுந்தது எதிர்ப்பு. ஏவாள் செய்த பிழைக்காகப் பெண்ணினம் வேதனையோடு பிள்ளை பெறக் கடவது என்று மறைநூலில் எழுதியிருக்க, அதை மாற்ற இவர் யார் என்று கேட்டனர். சிம்சன் என்ன செய்தார் தெரியுமா? மூல எபிரேய மொழியைக் கையில் எடுத்தார். வேதனை என்று பெயர்த்த அந்தச் சொல்லுக்கு உழைப்பு, உடல் முயற்சி என்பதே பொருள் என்று வாதாடி, அதே ஆண்டில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஆதாமின் விலாவெலும்பை எடுக்கும் முன் ஆண்டவனே அவனை ஆழ்ந்து உறங்கவைத்தானே என்றும் கேட்டார். ஒரு சொல்லை எப்படிப் பெயர்ப்பது என்ற வினாவில் எத்தனை பெண்களின் இரவுகள் தொங்கிக் கொண்டிருந்தன என்று பாருங்கள்! 1853 ஏப்ரல் 7-ஆம் நாள் விக்டோரியா அரசி தம் எட்டாம் பிள்ளையைப் பெற்றபோது சான் சுனோ என்ற மருத்துவர் குளோரோபாம் கொடுத்தார். அரசியே ஏற்றபின் எதிர்ப்பு மெல்ல மெல்லத் தணிந்தது. அரண்மனைக்குள் சென்ற பிறகுதான் மருந்து பாவத்திலிருந்து விடுபட்டது என்பதைக் குறித்துக் கொள்வோம்.

இனி நம் சொல்லுக்கு வருவோம். தமிழில் 'வலி' என்றால் நோவு. 'வலி' என்றால் வலிமையும்கூட. வலியவன் என்றால் நோவுற்றவன் என்று எவரும் கொள்வதில்லை. இரு பொருளும் ஒரே சொல்லில் உறைவது மொழியறிஞர்க்கு இன்பம் தரும். பேற்றறையில் அதன் வேலை வேறு. செசிலியா வான் ஆலன் என்ற அமெரிக்க மானிடவியலார் 1990-களில் தமிழ்நாட்டுக்கு வந்து, சென்னையிலும் அதன் புறத்தே ஒரு கடற்கரை ஊரிலும் ஏழைப் பெண்களோடு பழகி, பிள்ளைப்பேற்றைப் பற்றி ஒரு நூல் எழுதினார், 2003-இல் வெளிவந்தது. மேலை நாட்டுப் பெண்கள் வலியைக் குறைக்க மருந்து கேட்க, இங்குள்ள பெண்கள் வலியைக் கூட்ட மருந்து கேட்கிறார்களே என்று அவர் வியந்து எழுதினார். 'வலி ஊசி' போடுங்கள் என்று கேட்பது நம் ஊர்களில் எவர்க்கும் தெரிந்ததே. வலி வந்தால்தான் பிள்ளை வரும். வலியே பெண்ணின் ஆற்றல். விரைந்து பெற்றால் விரைந்து வீடு திரும்பலாம். வீட்டில் இன்னொரு குழந்தை அழுகிறது, கூலி போகிறது. இத்தனையும் அந்த ஊசிக்குள் இருக்கின்றன.

ஆகவே, "வலி எவ்வளவு?" என்று தமிழில் கேட்டுவிட்டு, பத்துக்கு ஒன்பது என்ற விடையை வாங்கிக்கொண்டு ஒருவர் போனால், அவர் எதை வாங்கிச் சென்றார்? "வலி நன்றாக இருக்கிறது, பிள்ளை வந்துவிடும்" என்ற நம்பிக்கையையா? "என்னால் ஆகவில்லை, எதையேனும் செய்யுங்கள்" என்ற கதறலையா? எண் ஒன்றே, பொருள் நேர்மாறு. வலி மிகுதி என்றவள் அது குறைய வேண்டும் என்றும் சொன்னாள் என்று எண்ணுவது பிழை. குறைவு என்றவளுக்கு எதுவும் வேண்டா என்று முடிவு கட்டுவதும் பிழை. எவ்வளவு வலிக்கிறது என்பது ஒரு வினா. அது தணிய வேண்டுமா என்பது வேறு வினா. தமிழில் இந்த வினாத்தாளை ஆக்கப் புகுவோர் இரண்டையும் பிரித்தே கேட்க வேண்டும்.

சொற்களின் சிக்கல் இதோடு தீர்ந்ததா? இல்லை. வலியை அளக்கும் வினாத்தாள்களுக்கு மூத்தது கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்டு மெல்சாக் 1975-இல் தந்தது. 78 சொற்களை 20 தொகுதிகளாக அடுக்கினார் அவர். வலி என்பது ஒரே பொருளின் கூடுதல் குறைவு அன்று; குத்துவது வேறு, எரிவது வேறு, பிளப்பது வேறு, அஞ்ச வைப்பது வேறு என்பதை ஆய்வுலகம் ஏற்கச் செய்தார். பின்னர் 1987-இல் 15 சொற்களாகச் சுருக்கினார். அந்தப் பதினைந்தில் ஒன்று, சூடுபட்டது போல் எரியும் வலி. நகரத்தில் படித்த நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அதைச் 'சூட்டு வலி' என்று எழுதிவிட்டார் என்று வைத்துக் கொள்வோம். திரும்பப் பெயர்க்கும் தேர்வில் அது நூற்றுக்கு நூறு வாங்கும். ஆனால் நம் ஊர்ப் பெண்ணுக்குச் சூட்டு வலி என்றால் உடற்சூட்டால் வரும் பொய் வலி! அது பேற்று நோவே அன்று. சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த நீரைக் கொடுத்துப் பார்ப்பார்கள். சூட்டு வலி என்றால் அடங்கிப் போகும், மெய் வலி என்றால் ஓங்கும் என்பது பாட்டிமார் கணக்கு. மெய்யான நோவில் துடிக்கிறவளிடம் போய்ச் "சூட்டு வலி இருக்கிறதா?" என்று கேட்டால், "இல்லை" என்பாள். தாளில் சுழி விழும். தாள் பொய் சொல்லவில்லை, அவளும் பொய் சொல்லவில்லை. ஆயினும் விடை பொய்.

இன்னொரு சொல் 'தண்டிப்பது போன்ற' வலி. இதைத் தமிழில் எந்தத் தாய் சொல்வாள்? 'உசிர் போகிறது' என்பாள்; 'செத்துப் பிழைத்தேன்' என்பாள். விண்விண்ணென்று தெறிக்கிறது, சுருக்கென்று குத்துகிறது, முறுக்கிப் பிழிகிறது, குடைகிறது, கடுக்கிறது, உளைகிறது, இழுத்துப் பிடிக்கிறது, இற்று விழுகிறது என்று நம் பெண்களின் நாவில் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் கேட்கும் செவிக்குத்தான். முதுகுவலியைப் பற்றிய வினாவையும் எண்ணிப் பாருங்கள். டொரண்டோவில் அது பேற்றின்போது புதிதாக வந்த வலியைக் குறிக்கும். பதினைந்து வயது முதல் சேற்றில் குனிந்து நாற்று நட்டவளுக்கு இடுப்புக் கடுப்பு என்பது ஆண்டுதோறும் வரும் விருந்தாளி. "முதுகு வலிக்கிறதா?" என்றால், "அது எப்போதும் உள்ளதுதானே" என்று தள்ளிவிடுவாள். நடவுக் காலத்துக் கடுப்போடு ஒப்பிட்டு, இது அதைப் போலவா, அதனினும் மிகையா என்று கேட்டால் உண்மை வெளிவரும். பத்துக்கு எத்தனை என்ற பள்ளிக்கூடக் கணக்கு விளங்காத முதியவளுக்கும் கால் மரக்கால், அரை மரக்கால், தலை தட்டிய மரக்கால், கோபுரமாகக் குவித்த மரக்கால் என்று காட்டினால் விளங்காதா? ஒரு வழியாகச் சொல்கிறோம். சோதித்துப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்கட்டும்.

"இதெல்லாம் எதற்கு? மருத்துவருக்குப் பார்த்தாலே தெரியாதா?" என்று கேட்பவர்க்கு வரலாறு விடை தரும். பார்த்துத் தெரிந்துகொண்டதாக நினைத்தவர்கள் செய்தவற்றைப் பாருங்கள். 1845 முதல் 1849 வரை அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மரியன் சிம்சு என்ற மருத்துவர், பேற்றின்போது கிழிந்த உறுப்பைத் தைக்கும் முறையை அடிமைப் பெண்கள்மீது மீண்டும் மீண்டும் அறுத்துப் பழகினார். மயக்க மருந்து கொடுக்காமலே பழகினார். அனார்க்கா, பெட்சி, லூசி என்ற மூன்று பெயர்கள் ஏட்டில் எஞ்சியுள்ளன. மகளிர் மருத்துவத்தின் தந்தை என்று அவருக்குச் சிலை வைத்தார்கள். நியூயார்க்கில் இருந்த அந்தச் சிலையை அகற்ற 2018 வரை ஆயிற்று. கருப்பருக்குத் தோல் தடிப்பு, வலி குறைவு என்ற மூடநம்பிக்கை அடிமை முறையோடு ஒழிந்ததா? 2016-இல் வர்சீனியாப் பல்கலைக்கழகத்தார் வெள்ளை மருத்துவ மாணவரிடமும் பயிற்சி மருத்துவரிடமும் ஆய்ந்தபோது, ஏறத்தாழப் பாதிப்பேர் இத்தகைய பொய்களில் ஒன்றையேனும் நம்பியிருந்தனர்.

கடல் கடந்த கொடுமை என்று பெருமூச்சு விட்டு நிறுத்திக்கொள்ள வேண்டா. "உழைத்த உடம்பு, அவளுக்கு வலி தெரியாது, வரப்பில் பெற்றுவிட்டு மறுநாள் நடவுக்கு வந்துவிடுவாள்" என்ற பேச்சைப் பண்ணை வீட்டுத் திண்ணையில் கேட்டிராதவர் உண்டா? சேரிப் பெண்ணுக்கு வலி இல்லை என்று சொன்ன அதே வாய், தன் வீட்டுப் பெண் குரலெழுப்பினால், "குலப்பெண் கத்தலாமா?" என்று கேட்டது. அங்கே வலி இல்லை என்று மறுத்தார்கள்; இங்கே வலி இருந்தாலும் சொல்லாதே என்று அடக்கினார்கள். உயர்ந்த தெருவும் தாழ்ந்த தெருவும் ஒன்றுபட்ட இடங்கள் நம் நாட்டில் மிகச் சில. பெண்ணின் வாயைப் பொத்துவது அவற்றுள் ஒன்று.

கருவி கொண்டு அளந்தால் ஓரவஞ்சனை இராதே என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1949-இல் அமெரிக்காவில் ஆர்டி, சாவெர்ட் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பேற்று நோவில் இருக்கும் பெண்ணின் கையில் வெப்பக் கதிரைப் பாய்ச்சி, "இந்தச் சூடு பெரிதா, அந்த வலி பெரிதா?" என்று கேட்டார்கள். 'டால்' என்று ஓர் அலகு வைத்து, பத்தரை டால் உச்சம் என்றார்கள். வலியை அளக்க இன்னொரு வலி! அந்தப் பெண்களுக்குக் கையிலும் புண் கண்டது. எண் துல்லியமாகக் கிடைத்தது. கேட்கும் முறையில் மனிதத் தன்மை இல்லை. இருபத்தாறு ஆண்டுகள் கழித்து மெல்சாக் சொற்களை நாடியதன் அருமை இதை நினைக்கும்போதுதான் விளங்குகிறது. அவரும் அவருடைய தோழர்களும் 1981-இல் பேற்று நோவை அந்தச் சொற்களால் அளந்தனர். முதற்பேறு காணும் பெண்களின் சராசரி மதிப்பெண், புற்றுநோயாளர் வலியினும் மேலே நின்றது. முன்கூட்டிப் பயிற்சி பெற்றவர்க்கு ஓரளவு குறைந்தது, ஒழியவில்லை. அதே ஆய்வில் மிகக் குறைந்த வலியே கண்ட பெண்களும் இருந்தனர். எல்லாத் தாய்க்கும் ஒரே நோவு என்பதும், பயந்தவளுக்குத்தான் நோவு என்பதும் ஒருங்கே வீழ்ந்தன.

கேட்பது யார் என்பதும் சிறிய செய்தி அன்று. 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒரு வெள்ளைக்கார மருத்துவரின் வீட்டுக் கதவைத் தட்டினர். மூவரின் மனைவியரும் பேற்று நோவில் கிடந்தனர். மருத்துவர் வருகிறேன் என்றார்; ஆண் தொடலாகாது என்று மூவரும் திரும்பிப் போயினர். விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். அந்த இரவைக் கண்ட மருத்துவரின் மகள் ஐடா இசுக்கடர், தாம் மருத்துவம் கற்றுத் திரும்பி 1900-இல் வேலூரில் பணி தொடங்கினார். அந்த மூன்று பெண்களிடமும், "யார் வந்தால் போதும்?" என்று எவரும் கேட்கவில்லை. கணவன் பேசினான், குலவழக்கம் பேசிற்று, அவர்கள் பேசவில்லை. இன்று வினாத்தாளைக் கொண்டுபோய் மாமியாரை அருகே நிறுத்திக்கொண்டு கேட்டாலும், பிள்ளை பெற்றுப் பத்து நாள் கழித்து மகிழ்ச்சியில் இருக்கும்போது கேட்டாலும், அதட்டிய செவிலியே கேட்டாலும் கிடைக்கும் விடை வேறு வேறாகவே இருக்கும்.

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறோம். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் போவது அறமா? தமிழ்நாட்டில் மருத்துவமனைப் பேறு ஏறத்தாழ முழுமை எய்திவிட்டது. 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி நூற்றுக்கு 99-க்கு மேல். அறுவைப் பேறு நூற்றுக்கு 45-ஐ ஒட்டி வந்துவிட்டது. முதுகந்தண்டில் மருந்து செலுத்தி வலி தணிக்கும் முறையோ பெரும்பாலும் பணம் செலுத்துவோர்க்கே எட்டுகிறது. வலிக்கு அஞ்சியே அறுவையைக் கேட்கும் பெண்களும் உளர். வலி தணிக்க வழியில்லாத இடத்தில் கத்தி வழியாகிறது. இந்த நிலையில் கூலிக்காரப் பெண்ணிடம் போய் 22 வினா கேட்டு, 22 விடை வாங்கி, ஆய்வேட்டில் அச்சேற்றி, அவளை அதே கட்டிலில் விட்டு வருவது, பசித்தவனிடம் பசியின் அளவைக் கேட்டுக் குறித்துக்கொண்டு சோற்றுப் பானையை மூடுவது போன்றதுதானே? இந்தக் குற்றச்சாட்டில் வலு உண்டு. மறைக்க விரும்பவில்லை.

ஆயினும் கேட்காதிருப்பதே மேல் என்ற முடிவுக்கு நாம் வரவில்லை. பானை மூடியே இருப்பதற்குச் சொல்லும் காரணம் என்ன? "அவர்களுக்கு வேண்டியதில்லை, அவர்கள் கேட்பதில்லை" என்பதுதான். கேட்டு எழுதிய கணக்கு கையில் இருந்தால் அந்தக் காரணம் நில்லாது. அன்றியும் வலி தணிப்பு என்றாலே விலையுயர்ந்த மருந்து என்று எண்ண வேண்டா. கூடவே ஒருத்தி இருந்து இடுப்பைத் தடவுவது, எழுந்து நடக்க விடுவது, விரும்பிய பக்கம் திரும்பிப் படுக்க விடுவது, பருக நீர் தருவது ஆகியவற்றுக்கு வரவு செலவுத் திட்டத்தில் கோடிகள் ஒதுக்க வேண்டியதில்லை. பண்டை மருத்துவச்சி அறுவடைக் களத்தில் பெற்ற சில மரக்கால் நெல்லுக்கு இவற்றைச் செய்தாள். அவள் கையில் தூய்மை இல்லாமல் போன உயிர்கள் பல. அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. உயிரைக் காத்த மருத்துவமனை, அவளோடு சேர்த்து அவளுடைய ஆறுதலையும் வெளியே நிறுத்தியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பேறுகாலத்தில் உறவுப்பெண் ஒருத்தி உடனிருக்கலாம் என்று விதி வந்த பிறகும், அந்த ஒருத்தி வாயிற்படியில் காத்து நிற்கும் காட்சி இன்னும் முற்றாக மறையவில்லை.

பேற்றறைகளில் ஒரு ஏச்சு வழங்குகிறது. அச்சேற்றக் கூசுகிறது, எனினும் கேட்டவர்க்குத் தெரியும். அன்று சிரித்துக்கொண்டு படுத்தாயே, இன்று ஏன் கத்துகிறாய் என்பதுதான் அதன் சாரம். இந்த ஏச்சு சொல்பவளும் பெண்ணே, அவளும் பெற்றிருக்கலாம், ஓய்வின்றிப் பத்துக் கட்டில்களைப் பார்ப்பவளாகவும் இருக்கலாம். பேற்றறையில் இழிசொல்லும் அடியும் உலகெங்கும் நடப்பதைக் கண்டித்து உலக நலவாழ்வு நிறுவனம் 2014-இல் அறிக்கை விட்டது. அறிக்கைகள் நல்லவை. ஆனால் பத்து நிமிடம் முன்னே, "அம்மா, எப்படி வலிக்கிறது? குத்துகிறதா, பிழிகிறதா?" என்று கேட்டுத் தாளில் குறித்த கை, பத்து நிமிடம் பின்னே ஓங்குவதற்குச் சற்றுக் கூசும் என்றே எண்ணுகிறோம்.

திருப்பனந்தாள் கோவிலுக்குத் தாடகையீச்சரம் என்று பெயர். தாடகை என்ற பெண் இரு கையிலும் மாலை ஏந்தி நின்றபோது ஆடை நெகிழ, இரு முழங்கையாலும் அதை இடுக்கிக்கொண்டு மாலை சூட்ட மாட்டாமல் தவித்தாளாம். கல்லாய் இருந்த இலிங்கம் தலை சாய்த்துக் கொடுத்ததாம். பின்னர் அதைக் குங்கிலியக்கலயர் கழுத்தில் கயிறு கட்டி இழுத்து நிமிர்த்தினாராம். கல் சாய்ந்ததை நாம் நம்பவில்லை. நம்புவோர் ஊரில் பலர். நம்புவோரிடம்தான் கேட்கிறோம்: ஒரு பெண்ணின் தவிப்புக்குக் கல்லே தலை சாய்க்கும் என்றால், கட்டிலருகே நிற்கும் மனிதர் அவள் சொல்வது காதில் விழும் அளவுக்குச் சற்றே குனியக் கூடாதா?

2020-இல் உலக நலவாழ்வு நிறுவனம் பேற்றறைக்கென ஒரு வழிகாட்டித் தாள் வெளியிட்டது. இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம் முதலியவற்றோடு, தாய்க்குத் தரும் ஆதரவு பற்றி நான்கு வரிகள் அதில் உண்டு: துணை, வலி தணிப்பு, பருகுநீர், உடலிருக்கை. வலி தணிப்புக்கு எதிரே எழுத மூன்று விடைகளே இடம்பெறும். கொடுத்தோம், கொடுக்கவில்லை, வேண்டா என்று அவளே மறுத்தாள். முதல் இரண்டையும் செவிலி தானாகவே எழுதிவிடலாம். மூன்றாவதை எழுத வேண்டுமானால் முதலில் கட்டிலருகே சென்று கேட்க வேண்டும். அதுவும் அவளுக்கு விளங்கும் தமிழில்.